கரைவலையின் நான்காம் கண்

ஜெயக்குமார் பரணிலிருந்து இன்னோர் அட்டைப்பெட்டியைக் கீழே தள்ளினான். ஓட்டை வாளி வந்தது. கல்யாணத்தில் வந்த சுவர்க்கடிகாரம் வந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஒரு பல்லி வந்தது. கண் மட்டும் வரவில்லை.

"இன்னும் உள்ள கைய வுட்டுப் பாருங்க" என்றாள் பிரபா. ஏணியை ஒரு கையாலும் செல்போனை மறு கையாலும் பிடித்திருந்தாள்.

போன் டிங் என்றது. படித்தாள். படித்த வேகத்தில் ஏணியை விட்டுவிட்டாள்.

'நான்காம் கண் விழித்திருக்கிறது. எதிரே ஒருவர் நடக்கிறார்.'

வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஏணியின் உச்சியில். ஒருத்தி ஏணியின் அடியில். இருவரும் மூச்சைக்கூட ஒழுங்காக விடவில்லை. ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் மின்ரயில் ஒன்று ஊதிவிட்டுப் போனது.

"நாம வாங்கினது மூணுதானே?" என்றான் ஜெயக்குமார், நூறாவது முறையாக.

"மூணுதான். நாலாவது எங்க கீதுன்னு திங்கக்கிழமைக்குள்ள தெரியலன்னா என் வேலை போச்சு. எறங்கி வாங்க, பாத்ரூம் சைடு பாக்கலாம்."

விஷயம் இதுதான். ஜெயக்குமார் மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். பிரபா ஒரு வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்ப்பவள். அவர்கள் வீடு அகலத்தில் கஞ்சத்தனமும் நீளத்தில் தாராளமும் கொண்டது. ரயில் பெட்டிக்கு ஜன்னல் வைத்த மாதிரி இருக்கும். ஹாலில் இருந்த ரூட்டரின் சிக்னல் சாப்பாட்டு மேஜை வரை தள்ளாடி வந்து, பிரபாவின் பின்னறை வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடும். உள்ளே வராது.

அதனால்தான் 'கரைவலை பிராட்பேண்ட்' நிறுவனத்தின் மெஷ் வைஃபை வாங்கினார்கள். ஒரு பெட்டிக்குப் பதில் மூன்று பெட்டி. ஒன்று மற்றொன்றுக்குச் சிக்னலைக் கை மாற்றும். வீடு முழுக்க ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. முன்வாசலில் ஆரம்பித்த வீடியோ பேச்சு பின்வாசல் வரை அறுந்துபோகாது. விற்பனைப் பிரிவு சொன்னது அவ்வளவும் உண்மை. மீதி உண்மையை, பெட்டிகளை மாட்ட வந்த பிரவின்குமார் சுவரில் துளை போட்டபடியே சொன்னான். கைமாறும்போதெல்லாம் வேகம் கொஞ்சம் சிந்தும். பெட்டிக்கு ஒரு பிளக் பாயின்டைத் தாரை வார்க்க வேண்டும். கையகல வீடாக இருந்தால் நடுவில் ஒரே நல்ல ரூட்டர் போதும், இது தண்டம். ஆனால் இப்படி நெடுக்க ஓடுகிற வீட்டுக்கு வேறு வழியில்லை. இன்னொன்று, எல்லாவற்றுக்கும் குடுமி கம்பெனியின் ஆப்பில் இருக்கும்.

அந்த ஆப்தான் பிடித்துக்கொண்டது.

கரைவலை நிறுவனத்தில் ஆங்கிலம் ஆகாது. வட்டார வலைநல அலுவலர் அப்பாசாமி அங்கே கலைச்சொல் குழுவுக்கும் தலைவர். மெஷ் என்றால் வலை. கடற்கரையில் விசாரித்ததில் வலையின் ஒவ்வொரு துவாரத்துக்கும் 'கண்' என்று பெயர் என்று தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் கண் என்று பெயர் வைத்துவிட்டார். வலையில் கண் என்பது ஒன்றுமே இல்லாத இடம் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் மீனவர்களுக்கு இல்லை. ஹாலில் இருப்பது தலைக்கண். சாப்பாட்டு மேஜைக்கு மேலே இடைக்கண். பின்னறையில் கடைக்கண். கரண்ட் போனால், 'உங்கள் இல்லத்துக் கண்கள் அயர்ந்துவிட்டன' என்று செய்தி வரும்.

கூடவே ஓர் இலவச வசதி: நடமாட்டம் அறிதல். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே அலை ஓடிக்கொண்டே இருக்குமாம். ஆள் குறுக்கே போனால் அலை கலங்கும். அந்தக் கலக்கத்தை வைத்து ஆப் சொல்லிவிடும்: நடக்கிறார், அமர்ந்திருக்கிறார், படுத்திருக்கிறார். முதல் வாரம் இது தமாஷாக இருந்தது. ஜெயக்குமார் பிரிட்ஜைத் திறந்து மிச்சமிருந்த குலாப்ஜாமூனை நோக்கி நடப்பதை பிரபா பின்னறையிலிருந்தே கண்டுபிடித்தாள்.

இரண்டாவது வாரம் நான்காம் கண் விழித்தது.

அதன் எதிரே யாரோ நடந்தார்கள். உட்கார்ந்தார்கள். படுத்தார்கள். ஜெயக்குமார் ஷிஃப்டில் இருக்கும்போதும், பிரபா கோயிலுக்குப் போயிருக்கும்போதும், வீடே பூட்டிக்கிடக்கும்போதும்.

பிரபாவின் அலுவலகம் ஊழியர்களின் வீட்டு இணைப்பை மாதமொரு முறை சோதிக்கும். சோதித்தவர்கள் கேட்டார்கள்: உங்கள் வீட்டு வலையில் உங்களுக்கே தெரியாத ஒருவர் இருக்கிறாரே, யார் அவர்? அப்படி யாருமில்லை என்று இணைய நிறுவனத்திடம் சான்று வாங்கித் திங்கட்கிழமைக்குள் அனுப்புங்கள். இல்லாவிட்டால் வீட்டிலிருந்து வேலை கிடையாது. ஹைதராபாத் ஆபீஸுக்கு வந்து சேருங்கள். ஹைதராபாத் என்றால் ராஜினாமாவுக்கு இன்னொரு பெயர் என்று பிரபாவுக்குத் தெரியும்.

ஜெயக்குமார் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டான். பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று தேன் வடியப் பேசியது. கண் திறக்கவில்லையா, ஒன்றை அழுத்தவும். கண் சிமிட்டுகிறதா, இரண்டை அழுத்தவும். கண் உங்களைப் பார்ப்பதாக உணர்கிறீர்களா, மூன்றை அழுத்தி அசையாமல் காத்திருக்கவும்.

மூன்றை அழுத்தினான். அசையாமல் காத்திருந்தான். ஷாரோன் என்ற பெண் வந்தாள்.

"வணக்கம் சார், கண் பராமரிப்புப் பிரிவு. உங்க கண் இப்ப எப்படி இருக்கு?"

"மூணு நல்லா கீதும்மா. நாலாவதுதான் பேஜாரு. அது எங்க கீதுன்னே தெரியல."

"நான்காம் கண் நல்லாத்தான் சார் வேலை செய்யுது. சிக்னல் முழுசா இருக்கு."

"நாங்க அத வாங்கவே இல்லம்மா."

"வாங்காமலே வேலை செய்யுதுன்னா சந்தோஷம்தானே சார்?"

அவன் பதில் யோசிப்பதற்குள், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. வாடிக்கையாளர் மகிழ்ச்சி: உறுதி' என்று செய்தி வந்துவிட்டது. பெட்டிகளை மாட்டிய பையனின் நம்பரையாவது கொடுங்கள் என்று திரும்பவும் கூப்பிட்டுக் கேட்டான். களப்பணியாளர் பெயரை வெளியிடுவதில்லை என்றார்கள். பிரவின்குமார் என்று பெயரை நானே சொல்கிறேனே என்றான். அப்படியானால் உங்களுக்குத் தெரிந்த தகவலைக் கேட்டு எங்கள் நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்றார்கள்.

விடாமல் மெயில் போட்டான். அதற்குப் பலன் இருந்தது. மறுநாள் காலை அப்பாசாமியே நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் நிறுவனத்தின் மீன் சின்னம், பின்னால் வெல்வெட் தாம்பாளத்தோடு இரண்டு உதவியாளர்கள். தாம்பாளத்தில் ஒரு கத்தரிக்கோல், ஒரு ரிப்பன், இன்னொரு கண்.

பிரபா போனைக் காட்டினாள். 'அமர்ந்திருக்கிறார்' என்றது. அப்பாசாமி வாய்விட்டுப் படித்தார். இலக்கணப் பிழையில்லை என்று உதவியாளர்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

வீட்டை அளந்தார்கள். கடைக்கண்ணுக்கு அப்பால் என்ன என்று கேட்டார்.

"செவுரு சார். பாகம் பிரிச்ச செவுரு. அந்தாண்ட எங்க அண்ணன் வூடு" என்றான் ஜெயக்குமார். "தர்மராஜுன்னு பேரு. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. ஓசூருல பையன் வூட்டுக்குப் போயிட்டாரு. பூட்டிக் கெடக்குது."

அப்பாசாமி தெருவுக்கு இறங்கி அந்தப் பூட்டைப் பார்த்தார். நல்ல பெரிய பூட்டு. துருவேறியிருந்தது. ஜெயக்குமார் பார்க்கவில்லை. பாகப்பிரிவினையன்று அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று பங்காளிகள் நடுவில் கற்பூரம் அணைத்தவன் அவன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

"பூட்டிய வீட்டில் மனிதர் இருப்பதாகக் கொள்ள எங்கள் விதிகளில் இடமில்லை" என்று முடித்தார் அப்பாசாமி. "ஆகவே இது தங்கள் வீட்டு நடமாட்டமே. கவலை வேண்டாம். நான்காம் கண்ணைக் கண்காணிக்க ஐந்தாம் கண் ஒன்றை அன்பளிப்பாகத் தருகிறோம்."

பின்னறையில் ரிப்பன் கட்டினார்கள். பிரபாவே வெட்ட வேண்டும் என்றார்கள். உதவியாளர்கள் கை தட்டினார்கள். கண் திறப்பு விழா முடிந்தது.

வேன் தெரு முனை திரும்புவதற்குள் போன் டிங் என்றது.

'நான்காம் கண்ணுக்கும் ஐந்தாம் கண்ணுக்கும் நடுவே ஒருவர் அமர்ந்திருக்கிறார்.'

அதுவரை எங்கேயோ இருந்த ஒருவர் இப்போது பின்னறைக்கு அருகே வந்து உட்கார்ந்துவிட்டார். பிரபா நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். அப்புறம் ஹாலுக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைசியில் குளிக்கும்போதுகூட ஜெயக்குமாரை வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்கச் சொன்னாள். அவன் பேசுவதற்கு விஷயமில்லாமல் பிரேக் டிரம்மின் தரக் குறைபாடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் ஏறியது. எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தலைக்கண்ணுக்குக் கீழே கட்டினாள். மற்ற கண்களுக்கும் கட்டினாள். நான்காம் கண்ணுக்கு எங்கே கட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் ஹெட்போனைக் கழற்றியபோது, சுவருக்குள் யாரோ தொண்டையைச் செருமியது போலிருந்தது. ஜெயக்குமாரைக் கூப்பிட்டாள். அவன் சுவரில் காதை வைத்தான்.

"எலி" என்றான்.

"எலி செருமுமா?"

"சளி புடிச்ச எலி" என்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை இருவரும் மாமல்லபுரம் போனார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த கண்ணாடிக் கட்டடம் கரைவலையின் தலைமையகம். அங்கே வாரந்தோறும் 'கண் குறைதீர் மன்றம்' நடக்கும். உள்ளே நுழைகிறவர்களின் கண்ணைப் படம் பிடித்து அடையாள அட்டை கொடுத்தார்கள். வாசலில் ஒரு பெரியவர் கண்புரைக்கு இங்கேதானே பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கும் டோக்கன் கொடுத்திருந்தார்கள்.

மேடையில் அப்பாசாமி. அவருக்குப் பின்னால் பெரிய திரை. ஜெயக்குமாரின் முறை வந்ததும் திரையில் அவன் வீட்டு வலை விரிந்தது. ஐந்து பச்சைப் புள்ளிகள். ஒன்றின் பக்கத்தில் ஒரு சின்ன மனித உருவம் சாய்ந்து கிடந்தது. குளிர்சாதன அறையில் ஜெயக்குமாருக்கு வியர்த்தது. தன் வீட்டில் இருக்கும் யாரோ ஒருவரை, தனக்கு முன்பின் தெரியாத கூட்டம் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்பாசாமி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அன்பர்களே, நான்காம் கண்ணின் எதிரே இருப்பவரைப் பாருங்கள். இவர் இதுவரை ஒரு புகார் அளித்ததில்லை. வேகம் குறைவு என்று நம்மை அழைத்ததில்லை. அழைப்பில் காத்திருக்க வைத்தீர்களே என்று கடிந்ததில்லை. சில நாள்களாக எழுந்துகூடப் போவதில்லை. இப்படிப்பட்ட வாடிக்கையாளரைத்தான் இந்நிறுவனம் கனவு காண்கிறது. இவரை இம்மாதத்தின் மாதிரி வாடிக்கையாளராக அறிவிப்பதில் பெருமை கொள்கிறேன்."

கை தட்டல். பூங்கொத்து ஒன்று வந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் உதவியாளர் பிரபாவின் கையில் திணித்தார். அவள் அதைத் தொட்டதும் கீழே போட்டுவிட்டாள்.

ஜெயக்குமார் எழுந்தான். "சார், பூவெல்லாம் வேணாம். அது எங்க கீது? அத்த மட்டும் சொல்லுங்க. யாருன்னுகூடச் சொல்ல வேணாம்."

"நான்காம் கண் பொருத்தப்பட்ட இடம் எங்கள் கணினியில் பதிவாகியிருக்கிறது" என்றார் அப்பாசாமி.

"அப்ப சொல்லுங்க."

"அது எதிரே இருப்பவரின் தனியுரிமை. உங்கள் வலையில் இருப்பவரை உங்களிடமிருந்து காப்பது எங்கள் கடமை. நாளை அவர் உங்களைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான் சொல்வோம்."

"அவரு கேட்டாரா?"

அப்பாசாமி முதல் முறையாக ஒரு விநாடி தயங்கினார். பிறகு, கேள்வி நேரம் முடிந்தது என்றார்.

பிரபா சான்றிதழைப் பற்றிக் கேட்டாள். அழுதுவிடக் கூடாது என்று கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்நிய நடமாட்டம் நின்றுவிட்டால் கணினி தானாகவே சான்று அனுப்பிவிடும் என்றார்கள். எப்படி நிற்கும் என்று கேட்டாள். பொறுத்திருந்தால் எல்லா நடமாட்டமும் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும் என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார் அப்பாசாமி. மன்றம் அதற்கும் கை தட்டியது.

திரும்பப் பஸ் ஏறினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது போன் டிங் என்றது.

'படுத்திருக்கிறார்.'

செங்கல்பட்டில் பஸ் மாறும்போதும் அதே. வீட்டுக் கதவைத் திறக்கும்போதும் அதே. நடந்துகொண்டிருந்தபோது பயமுறுத்திய ஒன்று, படுத்துக்கொண்டபின் இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. பிரபா போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். பிறகு எடுத்துப் பார்த்தாள். புரண்டாவது படுக்க மாட்டாரா என்று தனக்குள் முணுமுணுத்தாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே திக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதிதாக ஒரு செய்தி வந்தது. அதுவரை பார்த்திராத சொல்.

'நான்காம் கண்ணின் எதிரே: நிம்மதி.'

நடமாட்டம் அறவே இல்லை என்பதற்கு அப்பாசாமியின் கலைச்சொல் அது. சாயங்காலம் ஷாரோன் கூப்பிட்டாள். குரலில் நிஜமான சந்தோஷம்.

"சார், உங்க பிரச்சினை சால்வ் ஆயிடுச்சு. அந்நிய நடமாட்டம் சுத்தமா நின்னுடுச்சு. சான்றிதழ் மெயில்ல வந்திருக்கும் பாருங்க."

வந்திருந்தது. மீன் சின்னம், முத்திரை, 'தங்கள் வலையில் தங்களைத் தவிர எவரும் இல்லை என உறுதியளிக்கிறோம்' என்ற வாசகம். பிரபா அப்போதே அதை அலுவலகத்துக்கு அனுப்பினாள். திங்கட்கிழமை காலை பதில் வந்தது: ஏற்கப்பட்டது; வீட்டிலிருந்தே பணியைத் தொடரலாம்.

அவள் லேப்டாப்பை மறுபடி பின்னறைக்குக் கொண்டு போனாள். ஜன்னலைத் திறந்தாள். பல நாள் கழித்துக் கேசரி கிளறினாள். ஜெயக்குமார் பாதி ஷிஃப்டில் பர்மிஷன் போட்டு வந்து, அடுப்படியில் நின்றபடியே கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டான்.

"பேயோ பிசாசோ, போய்ச் சேந்துச்சு" என்றான்.

"இன்னா ஆச்சுன்னு தெரியாமயே போயிடுச்சே?"

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போறோம்? ஓஞ்சுது, வுடு."

வாசலில் பைக் சத்தம் கேட்டது. பிரவின்குமார். தோளில் கருவிப் பை, தலையெல்லாம் புழுதி. தன்னைக் கடப்பாக்கம் லைனுக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், அங்கே கடற்காற்றில் பெட்டியெல்லாம் உப்புப் பூத்து நாசமாகிறது என்றும், நாஸ்தாகூடப் பண்ணாமல் வருவதாகவும் சொன்னான். பிரபா கேசரித் தட்டை நீட்டினாள். புகார் தீர்ந்துவிட்டதால் அன்பளிப்பாகத் தந்த ஐந்தாம் கண்ணைக் கழற்றி வரச் சொல்லி ஆபீஸில் உத்தரவு. கழற்றினான். பைக்குள் வைத்தான். போகாமல் நின்றான்.

"சார், நாலாவதையும் எடுத்துனு வரச் சொல்லிட்டாங்க. நடமாட்டம் இல்லன்னா எடுத்துரணுமாம். சாவி உங்ககிட்ட கீதா?"

"இன்னா சாவி?" என்றான் ஜெயக்குமார்.

"அண்ணாத்த வூட்டுச் சாவிதான் சார்."

பிரபாவின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

பிரவின்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதா சார்? ஆபீசுல அன்னைக்கே எழுதி வெச்சேனே. மாட்ட வந்த அன்னைக்குப் பின்சந்துல வயரு இழுத்துகினு இருந்தேன். அவரு பின்கதவ லேசாத் தொறந்து கூப்ட்டாரு. ஓசூருலேந்து எப்பவோ வந்துட்டாராம், பையனோட ஒத்துப்போவலயாம். முன்னாடி பூட்டு அப்டியே தொங்கட்டும், தம்பி கண்ணுல பட்டா அவனுக்கு சங்கடம்னாரு. தம்பி வூட்டு லைன் எனக்கும் வருமாப்பான்னு கேட்டாரு. கூடப் பொறந்தவருதானேன்னு ஆஃபர்ல வந்த ஃப்ரீ பீஸ அங்க மாட்டிட்டேன். ஆபீசுல அத ஆன் பண்ணத்தான் ஒரு வாரம் ஆயிடுச்சு."

பிரவின்குமார் கைகழுவ இடம் தேடியபடி மேலே சொல்லிக்கொண்டே போனான்.

"பின்கதவ இப்ப தட்டிப் பாத்துட்டுதான் சார் வர்றேன். தொறக்கல. உள்ள தாப்பா போட்டுக் கீது. அதான் முன்பக்கச் சாவி கேட்டேன். அன்னைக்கே காலு ரெண்டும் வீங்கிப் போய், செவுத்தப் புடிச்சிகினுதான் நடந்தாரு. நாலாவது கண்ணு அவரு கட்டிலுக்கு நேர் மேலதான் சார் கீது."